வலிக்காத காலுக்குப் புளிப்பத்து

இத எழுதவே வாணாம்னுதான் இருந்தேன். எழுத்துக்கும் எனக்கும் ஆவாது. ஒம்போதாவதோட பள்ளிக்கூடத்துக்கு நானு ஒரு கும்புடு போட்டேன், அது எனக்கு ரெண்டு கும்புடு போட்டுச்சி. அத்தோட செரி.

என் தோஸ்து ஏழுமலைதான் போன மாசம் போன்ல ஒரு வீடியோ அனுப்பி வுட்டான். அவனும் எங்க மலைக்காரன்தான், வேற ஊரு. இப்ப வாணியம்பாடியில ஷூ கம்பெனில வேல. அந்த வீடியோவுல ஒரு டாக்டரம்மா பேசறாங்க. அடுத்தவங்களுக்கு செஞ்சி செஞ்சே தன்ன மறந்துடற ஆளுங்கள எப்டி கண்டுபுடிக்கறதுன்னு அடையாளமா சொல்லினு வர்றாங்க. அடுத்தவன் மூஞ்சி வாடுனா இவங்களுக்கு சோறு எறங்காதாம். முடியாதுன்னு சொல்ல வாய் வராதாம். நீ எனக்கு தேவையில்லன்னு யார்னா சொல்லிட்டா அன்னிக்கி பூரா கைகாலு ஓடாதாம்.

பாத்துட்டு ஒடனே போன் போட்டேன். டேய், இது எங்க பக்கத்து வூட்டு அக்காடான்னேன். அதுக்கு அவன் சொன்னான்.

"அப்டியா தோணுது உனக்கு? செரி, அந்த அக்காவ பத்தி எழுதி அனுப்பு பாப்போம்."

நீ எழுதேன்டா, பன்னெண்டாவது படிச்சவன்தானேன்னேன். முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டான். அவனுக்கு அந்த வியாதி இல்ல.

மூணு வாரம் இழுத்தேன். இன்னிக்கி மழ. அருவிக்கு ஒரு சவாரி இல்ல. என் ஆட்டோவுக்குள்ள ஒக்காந்துனு எழுதறேன். அக்கா பேர போடல. போட்டன்னு வை, எங்கனா தப்பு இருந்தா திருத்த நான் கஷ்டப்படுவேன்னு அதுவே பஸ் ஏறி வந்து எழுதி குடுத்துட்டு பூடும்.

எங்க வூட்டுக்கும் அக்கா வூட்டுக்கும் நடுவுல ஒரு பலாமரம், அவ்ளோதான். என்ன விட ஒம்போது வயசு பெருசு. நான் தும்முனா அது மாத்தர போட்டுக்கும். கத வுடல. ஒரு நாளு மழையில நனைஞ்சி வந்து ரெண்டு தும்மு போட்டேன். கசாயத்த எனக்கு குடுத்துட்டு மாத்தரய அது முழுங்கிச்சி. நீ ஏன்க்கா போட்டுக்கறன்னா, உன்ன பாத்தா எனக்கு குளுருதுடான்னுது. எங்க ஆடு குட்டி போடறப்ப பக்கத்துல ஒக்காந்து அக்கா முக்குன முக்குல, எங்கம்மா ஆட்ட வுட்டுட்டு அக்காவுக்கு தண்ணி மோந்து குடுத்தாங்க.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு கூட போனா டீக்கடையில நமக்கு நல்லா பொழுது போவும். டீயா காபியான்னு மாஸ்டர் கேப்பாரு. அக்கா என் மூஞ்சிய பாக்கும். நான் டீன்னா டீ, காபின்னா காபி. ஒரு நாளு வேணும்னே டீன்னேன், அதுவும் டீன்னுச்சி. அய்ய, காபிண்ணா. அதுவும் காபி. வாணாம், பாலு. அதுவும் பாலு. கடசியில எனக்கு ஒண்ணும் வாணாம்னுட்டேன். அதுவும் எனக்கும் ஒண்ணும் வாணாம்னுட்டு வெறும் பெஞ்சில ஒக்காந்துனு இருக்குது. மாஸ்டருக்கு கோவம் வந்துச்சி. தம்பி, அந்தம்மாவுக்கு இன்னா வேணும்னு அதுங்கிட்ட கேளுன்னாரு. அதுக்கே தெரியாதுண்ணான்னேன்.

சும்மா வாய்க்கு சொன்னதுதான். ஆனா திரும்பி வர்ற வழியில கேட்டே பாத்தேன். உனக்கு நெஜமா இன்னாக்கா புடிக்கும்? அக்கா யோசிச்சிச்சி. ரோடு வளையற எடம் வரைக்கும் யோசிச்சிச்சி. அப்பால சொல்லிச்சி, உங்கம்மாவுக்கு காபிதான் புடிக்கும்னு.

"மொதல்ல உன்து ஆவட்டும்." இதான் அக்கா வாயில எப்பவும். ரேசன் கடையில லைன்ல நின்னா, பின்னாடி இருக்கறவங்கள எல்லாம் மொதல்ல உன்து ஆவட்டும்னு முன்னாடி அனுப்பும். இது மொறை வர்றப்ப கடையே சாத்திடுவாங்க. வெறுங்கோணிய மடிச்சி கக்கத்துல வச்சிக்கினு, என்னமோ ஜெயிச்சிட்டு வந்தாப்ல வரும்.

என் படிப்பும் அப்டிதான் போச்சி. அக்கா பன்னெண்டாவது முடிச்சது, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நான் வூட்டுப்பாடத்த எடுத்துக்கினு ஒக்காந்து மூஞ்ச தூக்குனா போதும், அதுக்கு பொறுக்காது. குடுறான்னு புடுங்கி எழுதிடும். நானு திண்பண்டம் எதுனா மென்னுக்கினு பக்கத்துல இருப்பேன். வருசம் பூரா என் நோட்டுல வாத்தியாரு நன்று நன்றுன்னு போட்டு வச்சாரு. பரிச்ச வந்துச்சி. கோழி கிண்டுனாப்ல எழுதி வச்சேன். வாத்தியாரு பேப்பர தூக்கினு வந்து, உனக்கு பதிலா யார்றா பரிச்ச எழுதுனதுன்னாரு. நாந்தான் சார்னா நம்பல. என் வாழ்க்கையிலயே நானா எழுதுன மொத எழுத்து, அதுக்கு திருட்டுப் பட்டம்.

ஒம்போதாவது பெயிலு. நான் நல்லாதான் இருந்தேன், கோலி ஆட போய்ட்டேன். அக்கா ரெண்டு நாளு சோறு துன்னல. கடசியில நான் போயி, அழுவாதக்கா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு முதுவ தட்டி குடுத்து ரெண்டு வாயி ஊட்டி வுட்டேன். பெயிலானது நானு, ஆறுதல் சொன்னதும் நானு. இப்டி ஒரு கொடும யாருக்கு நடக்கும்?

எங்க ஊர்ல சாமை அறுப்புக்கு கூலி ஆளு வைக்க மாட்டாங்க. மொறை போட்டுக்குவாங்க. இன்னிக்கி எல்லாரும் உங்க கொல்லைக்கு, நாளைக்கி எல்லாரும் எங்க கொல்லைக்கு. அக்காதான் எல்லா கொல்லையிலயும் மொத ஆளா குனிஞ்சி நிக்கும். அதோட மொறை வந்தா, மொதல்ல உங்க்து ஆவட்டும்னு தள்ளி தள்ளி வுடும். அதுக்குள்ள கதிரு முத்தி கொட்டிடும். எங்க மலையில இருக்கற குருவிங்க எல்லாம் அக்கா கொல்லையில துன்னு துன்னுதான் பறக்க முடியாம நடக்குதுங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

ஒரு வருசம் ஊரே வெக்கப்பட்டுச்சி. சொல்லாம கொள்ளாம பன்னெண்டு பேரு அரிவாள எடுத்துக்கினு அக்கா கொல்லையில போய் நின்னாங்க. நானும் போனேன். அக்காவுக்கு கையும் ஓடல காலும் ஓடல. அய்யோ வெயிலு, அந்த புளியமரத்தடியில செத்த ஒக்காருங்கன்னுச்சி. ஒக்காந்தோம். கேழ்வரகு கூழு வந்துச்சி. குடிச்சோம். எழுந்தா, மாங்கா ஊறுகா இருக்குது, தொட்டுக்கினு இன்னும் ஒரு சொம்பு குடிங்கன்னுச்சி. அப்பால களி, கொள்ளு கொழம்பு. துன்னுட்டு ஒடனே குனியக்கூடாதுன்னுச்சி. செரின்னு சாஞ்சோம். முழிச்சி பாத்தா பொழுது சாயுது, மொத்த கொல்லையும் அறுத்து கட்டு கட்டி கெடக்குது. அறுத்தது அக்கா ஒண்டி. பன்னெண்டு பேரும் அரிவாள்ல ஒரு கீறலு இல்லாம வூட்டுக்கு வந்தோம். எங்கம்மா அன்னிக்கி ஒரு மாதிரி சொன்னாங்க. அது நமக்காக செய்யலடா, செய்யாட்டி அதுக்கு பயம்னாங்க. எனக்கு வெளங்கல. கொள்ளு கொழம்பு நல்லா இருந்துச்சின்னேன்.

அந்த பயத்த நான் ஒரு சட்டையில பாத்தேன். எனக்கு அப்ப பதினேழு வயசு இருக்கும். ஒரு நாளு இன்னா தோணுச்சோ, என் சட்டய நானே தொவச்சி காய போட்டுட்டேன். அக்கா வந்துச்சி. கொடியில இருந்த சட்டய பாத்துச்சி. கைய வச்சி தொட்டு பாத்துச்சி. "இன்னாடா, நான் வாணாம்னு ஆய்ட்டனா?" சத்தமா கூட சொல்லல. அன்னிக்கி பூரா எங்க வூட்டு பக்கம் வர்ல. எனக்கு ஒரு மாதிரி ஆச்சி. காஞ்ச சட்டய எடுத்துக்கினு போயி, பலாமரத்தடியில சேத்துல நல்லா பொரட்டி, அக்கா இத கொஞ்சம் தொவச்சி குடேன், எனக்கு சரியா வர்லன்னு குடுத்தேன். மூஞ்சி அப்டியே பூத்துச்சி. அப்பாலர்ந்து நான் ஒரு துணி தொவைக்கல. அக்காவுக்கு நல்லது பண்றதா நெனப்பு எனக்கு. நல்ல நெனப்புதான், கைக்கு வேல இல்லாத நெனப்பு.

இப்ப வர்றதுதான் நான் இதுவரைக்கும் ஏழுமலைங்கிட்ட கூட சொல்லாதது.

எனக்கு பத்தொம்போது வயசு இருக்கறப்ப அக்காவுக்கு ஒரு கடுதாசி வந்துச்சி. மலைக்கு கீழ படவேடு பக்கம் பொம்பள புள்ளைங்க ஆஸ்டல்ல சமையல் வேல. நெரந்தர வேல, அங்கயே தங்கிக்கலாம். பத்து நாளுக்குள்ள வந்து சேரணும். அக்கா எங்கம்மாங்கிட்ட கடுதாசிய காட்டிச்சி. எங்கம்மா சந்தோசத்துல அத கட்டிப்புடிச்சிக்கினாங்க. அக்கா மட்டும் என்ன பாத்துச்சி.

"இவன யாரு சின்னம்மா பாத்துக்குவாங்க?"

"இவனுக்கு கையி இருக்குது, காலு இருக்குது. நீ கெளம்பு."

எங்கம்மா வாயிலர்ந்து வந்த அந்த காலுதான் எனக்கு யோசன குடுத்துச்சி. என் சட்ட எந்த பொட்டியில இருக்குதுன்னு எனக்கு தெரியாது. எனக்கு பசிக்கற நேரமே அக்காவுக்குதான் தெரியும். அது பூட்டா நான் யாரு?

மறுநாளு காலையில பலாமரத்தடியில போயி படுத்துக்கினு அய்யோன்னு கத்துனேன். மரத்துலர்ந்து வுழுந்துட்டேன், எடது காலு பூடுச்சின்னேன். அக்கா ஓடி வந்துச்சி. கட்ட வெரலுலர்ந்து முட்டி வரைக்கும் அழுத்தி பாத்துச்சி. புளியும் உப்பும் கரைச்சி கொதிக்க வச்சி, சுடச்சுட கணுக்கால்ல பத்து போட்டுச்சி. ஒரு வேள இல்ல, மூணு வேள. கடுதாசிய சாமி படத்துக்கு பின்னாடி சொருவிட்டு, இவன் காலு ஆவட்டும் மொதல்லன்னுடுச்சி.

நாலாவது நாளு எங்கம்மா கூப்ட்டாங்கன்னு எழுந்து நொண்டிக்கினு போனேன். அக்கா கிண்ணத்தோட எதிர்ல வந்துச்சி. என் கால பாத்துச்சி. என் மூஞ்சிய பாத்துச்சி. ஒக்காருடான்னுச்சி. எடது கால்ல காஞ்சிருந்த பத்த தொடச்சிட்டு, வலது கால்ல போட்டுச்சி. எனக்கு அப்பதான் வெளங்கிச்சி, நான் கால மாத்தி நொண்டிட்டேன்னு. அக்கா ஒண்ணும் கேக்கல. தப்பிச்சோம்டான்னு நானும் அன்னிலர்ந்து வலது காலையே நொண்டுனேன்.

ஒம்போதாவது நாளு மாட்னேன். வூட்ல யாரும் இல்லன்னு பலாமரத்து மேல ஏறி பழம் தட்டி பாத்துக்கினு இருந்தேன். கீழ எங்கம்மா, கையில தொடப்பம். எறங்கற வரைக்கும் காத்துனு நின்னாங்க. அப்பால ரெண்டு காலுக்கும் வஞ்சன இல்லாம வச்சாங்க. வலி இப்பதான் நெஜமா வந்துச்சி. ஆனா எங்கம்மா சொன்னதுதான் ரொம்ப வலிச்சிச்சி. "பாவி, அது பொழப்புடா. நாளைக்கி கடசி நாளு."

அக்கா வூட்டுக்கு போனேன். அடுத்த வேள பத்துக்கு புளி கரைச்சிக்கினு இருந்துச்சி.

"அக்கா, எனக்கு கால்ல ஒண்ணுமில்ல."

"தெரியும்."

"எப்பலர்ந்து?"

"மொத நாளே. மரத்துலர்ந்து வுழுந்தவன் முதுவுல ஒரு செராய்ப்பு இல்ல. அப்பால எந்த காலுன்னே மறந்துட்ட. நீ மறந்தா நானுமா மறப்பேன்?"

"தெரிஞ்சிக்கினே ஏன்க்கா பத்து போட்ட?"

புளி கரைக்கற கைய நிறுத்தல. "போடலன்னா நான் கெளம்பணும்டா."

அக்காவே பேசிச்சி. அதோட அம்மா அப்பா ரெண்டு பேரும் செத்துப்போன அப்பால, வெடிஞ்சா எதுக்கு எழுந்திருக்கணும்னு இருந்துச்சாம். நீ பக்கத்து வூட்லர்ந்து அக்கான்னு கத்துவ, அதுக்கு எழுந்துடுவேன்னுச்சி. படவேட்ல யாரு கத்துவாங்கன்னு கேட்டுச்சி.

போக்கா, நல்லா இருப்பக்கான்னு சொன்னா அக்கா போவாது. அது எனக்கு தெரியும். அதோட நல்லதுக்குன்னு சொன்னா அது ஒரு அடி நகராது. அதனால நமக்கு தெரிஞ்ச வித்தய எடுத்தேன். அங்க அறுவது புள்ளைங்களாம்க்கா, சமைக்க ஆளு இல்லாம மூணு வேளையும் வெறும் உப்புமாதானாம்னேன். சுத்த பொய்யி. அக்கா கை நின்னுச்சி.

"அறுவதா?"

"அறுவது. அதுல பாதி நண்டும் சிண்டும்."

"மூணு வேளையும் உப்புமாவா?"

கைய கழுவிக்கினு எழுந்துச்சி. சாமி படத்து பின்னாடி இருந்த கடுதாசிய எடுத்துச்சி.

மறுநாளு காலையில போளூர் பஸ்ல ஏத்தி வுட்டேன். ஜன்னல் பக்கம் ஒக்காந்துச்சி. நான் கீழ நிக்கறேன். கண்டக்டர் வந்து எங்க போவணும்னு கேட்டாரு. அக்கா என் மூஞ்சிய பாத்துச்சி. டீக்கடையில பாக்குமே, அதே பார்வ. நான் மொத தடவயா பதில் சொல்லல. திரும்பிக்கினு மலைய பாத்தேன். கண்டக்டர் ரெண்டாவது தடவ கேட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சி பின்னாடிலர்ந்து சத்தம் வந்துச்சி.

"போளூரு. ஒண்ணு."

மூணு மாசம் கழிச்சி பாக்க போனேன். நல்லா இருக்கியாக்கான்னா அழுவாத கொறை. அங்க புள்ளைங்க தட்ட அதுங்களேதான் கழுவணுமாம், துணிய அதுங்களேதான் தொவைக்கணுமாம். அக்கா ரெண்டு தடவ புடுங்கி கழுவிட்டு வார்டன் அம்மாங்கிட்ட பேச்சு வாங்கியிருக்குது. அத்தன தட்டையும் என் எதிர்ல கழுவறத கைய கட்டிக்கினு பாத்துக்கினு நிக்கறேன்டா, இன்னா அநியாயம்னுச்சி. எனக்கு சிரிப்ப அடக்க முடியல. உப்புமால்லாம் இங்க வாரத்துல ஒரு நாளுதான்டான்னுச்சி. நான் சும்மா சொன்னேன்க்கான்னேன். தெரியும்னுச்சி.

வெளியில டீக்கடைக்கு கூட்டினு போனேன். டீயா காபியா? அக்கா என்ன பாத்துச்சி. நான் மூஞ்சிய கல்லு மாதிரி வச்சிக்கினேன். ரொம்ப நேரம் ஆச்சி. பின்னாடி ரெண்டு பேரு நிக்கறாங்க. மொதல்ல அவங்க்து ஆவட்டும்னு சொல்லப்போவுதுன்னுதான் நெனச்சேன்.

"எனக்கு பாலு. சக்கர கம்மியா."

முப்பது வயசுக்கு பக்கமா வந்து ஒரு ஆளுக்கு பால் புடிக்கும்னு அன்னிக்கிதான் தெரிஞ்சிச்சி. ஊதி ஊதி, கடசி சொட்டு வரைக்கும் குடிச்சிச்சி. எனக்கு ஒரு வாயி வேணுமான்னு கூட கேக்கல.

இத்தோட முடிச்சிட்டு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். மழ இன்னும் வுடல. சும்மா இருக்கோமேன்னு அந்த டாக்டரம்மா வீடியோவ இன்னொரு தடவ போட்டு பாத்தேன்.

ஏழுமலை வாணியம்பாடிக்கு போயி ஒரு வருசம் ஆவுது. தெனம் ஆறு தடவ போன் போடுவேன். துன்னியா, தூங்குனியா, ரூம்ல கொசு இருக்குதா. ஒரு நாளு அவன் ராவுல சரியா தூங்கலன்னு சொன்னான். நான் அவன் சூப்பர்வைசருக்கே போன் போட்டு, சார், இன்னிக்கி அவனுக்கு லேசா வேல குடுங்கன்னேன். நீ யாரு, அவன் சம்சாரமான்னு கேட்டாரு. ஞாயித்துக்கெழமதான் அருவிக்கு கூட்டம் வரும், ஆட்டோவுக்கு நல்ல சவாரி. நான் ஆட்டோவ ஓரங்கட்டிட்டு ஆலங்காயம் வழியா பஸ் ஏறி அவன் துணிய தொவைக்க போவேன். வராதடா வராதடான்னு மூணு வாரமா சொல்றான். வெக்கப்பட்றான் பாவம்னு நெனச்சிக்கினேன். போன ஞாயிறு போனா சட்ட பூரா சேறு. ஷூ கம்பெனில ஏதுடா சேறுன்னு திட்டிக்கினே தொவச்சேன். எனக்கு நல்லா இருந்துச்சி.

அவனுக்கு போன மாசம் காய்ச்சல். போன்ல இருமுனான். நான் ஒரு மாத்தர போட்டுக்கினேன்.

முழுங்குனப்ப தெரியல. இத எழுதறப்பதான் தெரியுது. அந்த வீடியோவ அவன் அக்காவுக்காக அனுப்பல. அக்காவ அவன் ரெண்டு தடவ பாத்திருந்தா அதிகம்.

எழுதுனத எல்லாம் போட்டோ புடிச்சி அனுப்பி வுட்டேன். கீழ இதையும் போட்டேன்: இந்த ஞாயித்துக்கெழம நான் வர்ல, அருவிக்கு சவாரி போறேன், நீ தொவச்சிக்குவியாடா?

கொஞ்ச நேரம் கழிச்சி அவன் பதிலு வந்துச்சி.

"போன வாரமே நானே தொவச்சி மடிச்சி வச்சிட்டேன்டா, நீ வந்து பாத்தா மூஞ்சி தொங்கிடுமேன்னு மறுபடி சேத்துல பொரட்டி வச்சேன்."